கல்லுக்குப் பிறந்த தேதி

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடம் அரசாங்கக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு தனியார் லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தார். ஒரு மனிதன் வேலை மாறினால் அவன் வயிற்றுக்குள் எல்லைத் தகராறு வெடிக்கும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மாமா சாது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எதைச் சொன்னாலும் அதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கும் என்று நம்புகிறவர். லிஃப்ட் நடுவழியில் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைத்தால் சரிசெய்துவிடலாம். அவருடைய தொழிலில் கற்றது அவ்வளவுதான். அலுவலகங்களும் அப்படித்தான் ஓடுகின்றன என்று நினைத்துவிட்டார். இந்த நினைப்போடு நாற்பத்தாறு வயது வரை ஒருவர் தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம்.

வலி வந்தது ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் தலைமேல் குந்திக்கொண்டு இரும்பு வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வலது விலாவுக்குக் கீழே யாரோ ஸ்பேனர் வைத்துத் திருகியது போல் இருந்ததாம். ஒன்றரை மணி நேரம் அங்கேயே சுருண்டு கிடந்தார். கீழே நின்றவர்கள் பொத்தானை அழுத்தி அழுத்தி அவரைத் திட்டியதெல்லாம் தெளிவாகக் கேட்டதாம்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பித்தப்பைக்குள் பதினாலு மில்லிமீட்டரில் ஒரு கல். அந்த அம்மாள் அளந்து பேசுகிறவர்.

“எடுத்துடணும். ஆறு வாரத்துக்குள்ள. விட்டா சீழ் பிடிச்சு உயிருக்கே வம்பாயிடும்” என்றார்.

அறுவைச் சிகிச்சைக்கு எங்களிடம் கைக்காசு கிடையாது. மாமா காப்பீட்டை நம்பியிருந்தார். யாராவது ஒரு காப்பீட்டுக்காரர் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்தால் போதும், மறுநாளே எடுத்துவிடலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மாமாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று. அவரிடம் ஒன்றுக்கு இரண்டாகக் காப்பீடு இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் அரசு வேலை பார்த்தவர்களுக்கு, வேலையில் இருந்தபோது தொடங்கிய நோய்களுக்கெல்லாம் ஆயுள் முழுக்க அரசுக் காப்பீடு உண்டு. புதுக் கம்பெனியோ தனியார் காப்பீட்டு அட்டை ஒன்றைக் கொடுத்திருந்தது. ரெண்டு குடை வைத்திருக்கிறவன் எப்படி நனைவான் என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்க்க வெகுநாள் ஆயிற்று.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன். அந்த இரண்டு காப்பீட்டு அலுவலகங்களின் படிவங்களையும் அடிப்பது நாங்கள்தான். அரசுப் படிவம் பழுப்புத் தாள். தனியார் படிவம் வழவழத் தாள், மேலே ஒரு குடும்பம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தும்மல்கூட வந்ததாகத் தெரியாது. மற்றபடி கேள்விகள் ஒன்றேதான். மை காய்வதற்குள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் எது யாருடையது என்று எங்களுக்கே குழப்பமாகிவிடும். அதனால் அரசு நல்லதா, தனியார் நல்லதா என்று யாராவது வாய்ச்சண்டைக்கு இறங்கினால் நான் பேசாமல் எழுந்து போய்விடுவேன்.

முதலில் அரசு அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாவது மாடி. லிஃப்டில் ‘பழுது’ என்று ஒரு பலகை. பலகையே பழசாகிப் போயிருந்தது. எங்கள் எண்ணைக் கூப்பிட இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றதும் மாமாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, இருபது நிமிடத்தில் அந்த லிஃப்டை ஓடவைத்துவிட்டார். உடனே ஒருவர் ஓடி வந்து, பழுதுபார்க்கும் ஒப்பந்தம் இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டிருப்பதால் இந்த லிஃப்ட் ஓடுவது முறைகேடு என்றார். இருந்தபடியே கெடுத்துவைக்கச் சொன்னார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டே மறுபடியும் கெடுத்தார். ஒரு பொருளைக் கெடுப்பதற்கு அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, பழக்கமில்லாத வேலை பாருங்கள்.

அங்கே எங்களுக்கு வாய்த்த அதிகாரிக்கு அக்கா அன்றைக்கே ‘விதியார்’ என்று பெயர் வைத்துவிட்டாள். மெலிந்த மனிதர், கோபமே வராது. விதிப் புத்தகத்தைத் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். மாமாவின் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“கல்லு எப்ப பிறந்தது?”

“சார்?”

“நீங்க எங்க வேலையில இருந்தப்பவே பிறந்திருந்தா அது எங்க கல்லு. விட்டுப் போனப்புறம் பிறந்திருந்தா அவங்க கல்லு. பிறந்த தேதிக்கு ஆதாரம் வேணும்.”

வலி போன மாசம்தான் வந்தது என்றார் மாமா. வலி வேறு, கல் வேறு என்று விதியார் பொறுமையாக விளக்கினார். வலிக்குத் தனிப் பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறதாம். இங்கே கல் மட்டும்தானாம். மாமா தலையைச் சொறிந்துகொண்டார், இதிலும் ஏதோ நியாயம் இருக்கத்தானே வேண்டும்.

மறுநாள் தனியார் அலுவலகம். கண்ணாடிச் சுவர், உள்ளே போனாலே வாசனை, மெத்தென்று சோபா. பொத்தானை அழுத்தினால் காபி. எங்களை வாசலுக்கே வந்து அழைத்துப் போன அதிகாரிக்கு எதற்கெடுத்தாலும் ‘கண்டிப்பா’ என்று ஒரே வார்த்தைதான். அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டோம்.

“ஆபரேஷனுக்கு லெட்டர் குடுத்துடுவீங்களா சார்?”

“கண்டிப்பா. நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்.”

“அப்ப எப்ப கிடைக்கும்?”

“கண்டிப்பா கிடைக்கும் சார். ஒரே ஒரு சின்ன விஷயம். நம்ம குடும்பத்துக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே கல்லு இருந்திருந்தா, அது மட்டும் குடும்பத்துல சேராது.”

கல் அப்போது இல்லை என்று மாமா எப்படிச் சொல்ல முடியும்? இருந்தது என்றும்தான் எப்படிச் சொல்ல முடியும்? அவர் விழித்ததைப் பார்த்துக் கண்டிப்பா இன்னும் கனிவானார். கல்லே புதுசு என்று வைத்துக்கொண்டாலும் பித்தப்பை பழசுதானே, அது பிறக்கும்போதே கூட வந்ததாயிற்றே என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். கிளம்பும்போது எங்களுக்கு ஆளுக்கொரு சாவிக்கொத்து கொடுத்தார்.

அதன் பிறகு இரண்டு வாரம் மாமாவைப் பந்தாடினார்கள். ‘கல் எங்களுடையதல்ல’ என்று தனியார்காரர்களிடம் எழுதி வாங்கி வா, தருகிறோம் என்பார் விதியார். கண்டிப்பாவும் அதையேதான் சொல்லுவார், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. தனியார் அலுவலகத்துக்குத் தொலைபேசினால் நாற்பது நிமிடம் பாட்டு வரும். பாட்டு முடிந்ததும் ஒரு பெண் குரல், எங்கள் சேவை பிடித்திருந்தால் ஒன்றை அழுத்துங்கள், மிகவும் பிடித்திருந்தால் இரண்டை அழுத்துங்கள் என்னும். மாமா ஒவ்வொரு தடவையும் இரண்டை அழுத்தினார். ஒருவேளை அதனால் ஏதாவது நல்லது நடக்கலாம் என்று நினைத்தாராம். அரசு அலுவலகத்துத் தொலைபேசியில் பாட்டெல்லாம் கிடையாது. யாரும் எடுக்கவே மாட்டார்கள், அதனால் நேரம் மிச்சம்.

நான்காவது வாரம் அரசு ஒரு குழு போட்டது. கல் வயது நிர்ணயக் குழு. அதில் ஒரு மருத்துவர் இருந்தார். பல் மருத்துவர், அன்றைக்கு ஓய்வாக இருந்தவர் அவர் ஒருவர்தானாம். புள்ளிவிவரத் துறையிலிருந்து ஒருவர். கல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கனிமத் துறையிலிருந்து ஒருவர். கனிமத் துறைக்காரர் ஸ்கேனை நெடுநேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆறு ஏதாவது ஓடுகிறதா என்று மாமாவைக் கேட்டார். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இங்கே கல் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் குழு கணக்குப் போட்டது. மாமா அரசு வேலையை விட்ட அன்று கல்லின் அளவு இரண்டு மில்லிமீட்டர். அந்த அளவில் இருப்பதைக் கல் என்று சொல்லக் கூடாது, மணல் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கனிமத் துறைக்காரர் அடித்துச் சொன்னார். மணல் தங்கள் திட்டத்தில் வராது என்றார் விதியார். தனியார் தரப்பில் ஒரு நிபுணர் கணினியில் வண்ணக் கோடு போட்டுக் காட்டினார். அதே நாளில் கல்லின் அளவு ஒன்பது மில்லிமீட்டராம். மணல் என்றே வைத்துக்கொண்டாலும் அது பழைய மணல்தானே சார் என்றார் கண்டிப்பா. இரண்டு கணக்குக்கும் நடுவே மாமா சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தார்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. நல்ல உடம்பு வாடி, கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் சேர்த்தால் வலி, சேர்க்காவிட்டால் பசி. வெறும் ரொட்டியை வெந்நீரில் நனைத்துத் தின்றுவிட்டு, யார் மேலும் குற்றம் இல்லை, அவர்களுக்கும் விதி இருக்கிறது இல்லையா என்பார். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை ஒரே சத்தத்தில் உட்காரவைக்கிறவள். அவளே அந்த வாரம் வாய் திறக்காமல் பாத்திரம் கழுவினாள். அவள் பேசாவிட்டால்தான் எனக்குப் பயம்.

ஆறாவது வாரம் தொடங்கியபோது அழைப்பிதழ் ஒன்று வந்தது. ‘மக்கள் உடல்நலம் காப்பதில் விஞ்சி நிற்பது அரசா, தனியாரா?’ என்று இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து நகர மண்டபத்தில் பெரிய விவாதம் நடத்துகிறார்களாம். அதை அடித்ததும் எங்கள் அச்சகம்தான். மேடையில் உட்காரவைக்க உயிரோடு ஒரு பயனாளி தேவைப்பட்டார். இரண்டு பக்கத்துப் பட்டியலிலும் பெயர் இருந்த ஆள் மாமா ஒருவர்தான். மேடையிலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனை மண்டபத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மேடையில் இடது பக்கம் விதியார், வலது பக்கம் கண்டிப்பா, நடுவில் நாற்காலியில் மாமா. அவர் கழுத்தில் ‘பயனாளி’ என்று ஓர் அட்டை தொங்கியது. நடுவராக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மணியோடு உட்கார்ந்திருந்தார்.

விதியார் எழுந்தார். “எங்கள் திட்டத்தில் முப்பது ஆண்டுகளாக ஒரு விண்ணப்பத்தைக்கூட நாங்கள் நிராகரித்ததில்லை. அத்தனையும் பரிசீலனையில் இருக்கின்றன. எங்கள் வரிசையில் ஏழை, பணக்காரர் என்ற பேதம் கிடையாது. யார் வந்தாலும் அதே காத்திருப்புதான். இடையில் காலமானவர்களின் கோப்பைக்கூட நாங்கள் மூடுவதில்லை. அவர்கள் என்றைக்கு வந்து கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருக்கிறோம்.”

கைதட்டல் ஓய்ந்ததும் கண்டிப்பா ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து வந்தார். “நண்பர் நல்லவர், ஆனால் அவரிடம் ‘இல்லை’ என்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. எங்களிடம் பதினோரு வழிகள். வெள்ளி, தங்கம், வைரம் என்று வாடிக்கையாளர் தன் தகுதிக்கேற்பத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாடிக்கையாளர்கள் எங்களிடம் முழு மனநிறைவோடு இருக்கிறார்கள். மீதி இரண்டு பேருக்கு நோய் வந்துவிட்டது.”

இதற்கு இன்னும் பலமான கைதட்டல். அந்தச் சத்தத்தில்தான் மாமா நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்தார். முகம் வெளுத்து, வியர்த்து, இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொண்டார். நான் மேடைக்கு ஓடினேன். விதியார் மாமாவைச் சுட்டிக்காட்டி, தனியார் கைவிட்ட மனிதரின் நிலையைப் பாருங்கள் என்றார். கண்டிப்பா மறுபக்கத்திலிருந்து சுட்டிக்காட்டி, அரசு காக்கவைத்த மனிதரின் நிலை இது என்றார். இந்த வலி யாருடைய வாதத்துக்குச் சாதகம் என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார். மேடையில் இருப்பவர்கள் முறை வராமல் குறுக்கிடக் கூடாது என்று நடுவர் மணியடித்தார். மாமா அந்த நிலையிலும் மன்னிப்புக் கேட்டார்.

அக்கா பின்வாசல் வழியாக மேடையேறி வந்தாள். ஆளுக்கொரு கையாகத் தூக்கி வேனுக்குள் கொண்டுபோனோம். ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் இருக்கை, மாமாவின் முழங்கால் முகவாயில் இடித்தது. அக்கா வேனை எடுத்த வேகத்தில் பின்னாலிருந்த தண்ணீர் பாட்டில்களெல்லாம் உருண்டன. விவாதத்தைப் பற்றி எழுத வந்திருந்த பத்திரிகை நிருபர் தன் வண்டியில் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தார். நிருபர் போகிறார் என்றதும் விதியாரும் கண்டிப்பாவும் தத்தம் காரில் ஏறிவிட்டார்கள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா மாமாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றார். வரவேற்பில் இருந்த பெண் கடிதம் எங்கே என்று கேட்டாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அக்கா நேராக, பின்னாலேயே வந்து நடைவழியில் நின்றிருந்த விதியாரிடம் போனாள்.

“சார், தனியார்காரங்க லெட்டர் குடுத்துட்டாங்க. பேப்பர்காரர் அதைத்தான் எழுதிட்டிருக்காரு. நீங்க பாவம் எதுக்கு அலையறீங்க, வீட்டுக்குப் போங்க.”

விதியாரின் முகத்தில் ஈயாடவில்லை. நிருபர் தூரத்தில் ஏதோ எழுதிக்கொண்டுதான் இருந்தார். கல் பிறந்த தேதி, குழு, கனிமத் துறை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. மனிதர் பையிலிருந்து முத்திரையை எடுத்தார், முழங்கால் மேல் தாளை வைத்து எழுதினார், குத்தினார். முப்பது ஆண்டில் அவர் குத்திய முதல் முத்திரை அதுவாகத்தான் இருக்கும், தலைகீழாக விழுந்திருந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு கண்டிப்பாவிடம் போய், அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது என்று காட்டினாள். இந்தத் தடவை அவள் சொன்னது பொய்யும் இல்லை. கண்டிப்பா முதன்முறையாகக் கண்டிப்பா என்று சொல்லாமல் தன் தரப்புக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார்.

டாக்டரம்மா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முதல் கடிதத்துக்குத் தேதி போடுவதற்குள் மாமாவை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார். நடைவழியில் நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரமும் அக்கா வேன் சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே இருந்தாள். கையைப் பிரித்தபோது சாவியின் பல் அச்சாகப் பதிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவு திறந்தது. டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை நீட்டினார்.

“நல்லா இருக்காரு. கல்லு ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சிருந்தது, ஸ்கேன்ல தெரியல” என்றார்.

விதியாரும் கண்டிப்பாவும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்காத குறைதான். ஆளுக்கொரு கல், சண்டையே இல்லை. நிருபருக்காகக் குப்பியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படம் எடுத்து முடிந்ததும் விதியார் குப்பியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். அவர் நெற்றியில் மெல்ல ஒரு சுருக்கம் விழுந்தது.

“இதுல எது மூத்தது?” என்றார்.

கண்டிப்பா உடனே குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் குப்பியைச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். அக்கா அவர்கள் கையிலிருந்து அதை மரியாதையாக வாங்கினாள். நன்றாக ஒரு குலுக்குக் குலுக்கினாள். ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மாமா பாதி மயக்கத்தில் இருந்தார். முகத்தில் அந்த வலிக் களை போயிருந்தது. அக்காவைப் பார்த்ததும் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள். ஆறு வாரமாக அவர் காதில் விழுந்த பேச்சு அவரை அங்கேயும் விட்டபாடில்லை.

“எடுத்துட்டாங்களா?”

“எடுத்தாச்சு.”

“யாரு எடுத்தது, அரசா, தனியாரா?”

அக்கா அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

“டாக்டரு” என்றாள்.